மடித்தால் கிழிய வேண்டிய வரைபடம்

அன்புள்ள தம்பி,

நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். வாட்ஸப்பில் எழுதலாம்தான். ஆனால் நீ படித்ததும் அதில் நீல நிறத்தில் டிக் விழும். பதில் வருமா என்று நானும், என்ன பதில் எழுதுவது என்று நீயும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேசினால் இன்னும் மோசம். நான் "சாப்டியா" என்பேன், நீ "ம்" என்பாய். நீ "மழையா" என்பாய், நான் "ஆமா" என்பேன். பின்னாலிருந்து உங்கப்பா இருமுவார், நான் வைத்துவிடுவேன். இந்தக் கடிதத்தில் டிக் விழாது. நீ படித்தாயா இல்லையா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கி வந்த உன் அம்மாவுக்கு இதுதான் சௌகரியம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் இனித் தேறாது என்று சொல்லி உங்கப்பாவைத் தேயிலை ஃபேக்டரி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நம் வீட்டிலிருந்து வேறு யாராவது எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த இந்த லயத்து வீட்டின் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். என் பேரைக் கொடுக்கலாமா என்று நானே போய்க் கேட்டேன். ஸ்கூல் ஆபீசில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கத் தயாராகத்தான் போனேன். புதிதாகச் சேர வயது தாண்டிவிட்டது என்று சொல்லி, உட்காரச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் கோபப்படவும் எனக்கு வழி இல்லை. வெளியே வந்தபோது உங்கப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். "அப்ப அவனுக்குத்தான் எழுதணும்" என்றார். "நீதான படிச்சவ. நாலு வார்த்தை நல்லா சேர்த்து எழுது." நான் தலையாட்டினேன். தலையாட்டியதிலிருந்து எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. அதனால் அந்த வரைபடத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொன்னால் மற்றதும் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு வரும்போதெல்லாம் கூடலூர் ஷிபுவையும் கோத்தகிரி நித்யாவையும் கூட்டி வருவாய். மேஜை விளையாட்டு என்று சொன்னாய். நம் வீட்டில் மேஜை இல்லை, பாயில் உட்கார்ந்து ஆடினீர்கள். ஆளுக்கொரு வேஷம். நித்யா வாள்வீராங்கனை, ஷிபு மந்திரவாதி, கதையை நடத்துகிறவன் நீ. அவர்கள் "நான் குகைக்குள் போகிறேன்" என்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று நீ சொல்வாய், பல முகங்கள் உள்ள பகடையை உருட்டி ஜெயித்தார்களா தோற்றார்களா என்று பார்ப்பீர்கள். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பேர் சும்மா உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்குவதை மட்டும் அடுப்படியிலிருந்து பார்த்தேன். "அம்மே, ஒரு கட்டஞ்சாயா" என்று ஷிபு மலையாளத்தில் பால் விடாத டீ கேட்கும்போதுதான் மூவரும் இந்த உலகத்துக்கு வருவீர்கள்.

ஒருநாள் நீ கதைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாய். "மலை மாதிரி வர மாட்டேங்குதும்மா. இட்லிய கவுத்து வச்ச மாதிரி வருது" என்றாய். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சமஉயரக் கோடுகள் போட்டுக் காட்டினேன். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். நம் லயத்துக்குப் பின்னால் ஏறுகிற மேடு கோட்டில் அப்படியே எழுந்து வந்ததும் நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் படித்த புவியியல் நம் வீட்டுக்குள் வேலைக்கு வந்தது அன்றைக்குத்தான். அதுவரை அது தகரப் பெட்டியில் இருந்தது. அதற்குப் பிறகு நான் உன்னை விடவில்லை. நீ ஓடையை மேட்டைப் பார்த்து ஓட விட்டாய், நான் அழித்தேன். "அம்மா, இது மந்திர மேப்!" "மந்திரமா இருந்தாலும் தண்ணி இறக்கத்துக்குத்தான்டா வரும்." அந்த வழியாகப் போன அப்பாவும் குனிந்து பார்த்து, "யானை வர்ற வழியில கோட்டை கட்டியிருக்க. அத நகர்த்திப் போடு. கதைன்னா மட்டும் அது சும்மா போயிடுமா?" என்றார். கோட்டையை நகர்த்தினாய். உன் மந்திர உலகம் பாதி நம் எஸ்டேட்டாகவே ஆகிப்போனது. இடது ஓரத்தில் நம் லயம், நடுவில் காடும் மலைகளும், வலது ஓரத்தில் நீயாகக் கற்பனை செய்த கண்ணாடி நகரம்.

அந்த வரைபடத்துக்கு என்ன மந்திரம் வைப்பது என்று நீ நாள் கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொன்னேன். ஊட்டியில் ஹாஸ்டலில் இருந்தபோது வீட்டு நினைப்பு வந்தால், செய்முறை வகுப்பில் நிலவரைபடத் தாளை எடுத்து, கல்லூரி இருக்கிற இடமும் தேவாலாவில் எங்கள் வீடு இருக்கிற இடமும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி மடித்துப் பிடித்துக்கொள்வேன். இப்போது ஒரு அடி எடுத்து வைத்தால் வீடு என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்தில் யாராவது வந்தால் விரித்துவிடுவேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மடிச்சி மடிச்சி பேப்பர் கிழிஞ்சிடாதா?" என்று கேட்டாய். "கிழியும்தான். மடிப்புல இருக்கற ஊர் பேரெல்லாம் தேஞ்சு போயிருக்கும்" என்றேன். நீ எழுந்து நின்றுவிட்டாய். "அதான்மா! அதேதான்!"

இப்படியாக விதி பிறந்தது. வரைபடத்தை மடித்தால் எந்த இரண்டு இடங்கள் தொட்டுக்கொள்கின்றனவோ, அவை பக்கத்துப் பக்கத்து இடங்களாகிவிடும். ஒரே அடியில் தாண்டலாம். ஆனால் நிஜத் தாளைத்தான் மடிக்க வேண்டும். மடிக்க மடிக்க மடிப்பு தேயும். கிழிந்துவிட்டால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனி உலகம், போனவர்கள் போனவர்கள்தான். சீக்கிரம் நைந்துபோவதற்காகத் தாளை டீயில் ஊறவைத்து அடுப்புக்கு மேல் காயப்போட்டாய். பழைய காலத்துத் தாள் மாதிரி நிறமும் வரும், மொறமொறப்பும் வரும் என்றாய். நீ கலக்கிய டீயைப் பார்த்து அப்பா முகத்தைச் சுளித்தார். "இதுல எப்படிடா கலர் ஏறும்? நல்ல டஸ்ட்டு டீத்தூள் போடணும்" என்று அவரே கெட்டியாகக் காய்ச்சி, தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி நனைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாக.

அடுத்த ஆட்டத்தில் அவரையும் உட்காரவைத்தாய். "மந்திரவாதி எல்லாம் வேணாம். பாய்லர் மேன் போட்டுக்க" என்று தன் ஃபேக்டரி வேலையையே சொன்னார். நீயும் போட்டாய். "பூதம் எந்த ஷிஃப்ட்ல வருது?" என்று கேட்டார். "லீவு சொல்லாம பொக்கிஷத்துக்கு எப்படிப் போறது? நாளைக்குப் பேரு வெட்டிருவான்." நித்யா சிரித்துச் சிரித்துப் பாயில் விழுந்தாள். ஆனால் சாயங்காலத்துக்குள் மனுஷன் ஆட்டத்துக்குள் போய்விட்டார். கடைசிக் கட்டம் உனக்கு நினைவிருக்கும். லயத்துக்குப் பின்னால் பூதம் வந்துவிட்டது. தப்பிக்க ஒரே வழி, நடு மடிப்பை மடித்து லயத்தைக் கண்ணாடி நகரத்தோடு சேர்ப்பது. நடு மடிப்போ ஒளி ஊடுருவுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னொரு மடிப்புக்குத் தாங்காது. முறை அவருடையது.

அவர் தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "கிழிஞ்சா, அந்தப் பக்கம் போனவன் திரும்ப வர முடியாதா?"

"முடியாதுப்பா."

"இந்தப் பக்கம் இருக்கறவன்?"

"அவனும் போக முடியாது."

"அப்ப இருக்கட்டும். நான் மடிக்கல."

"அங்கிளே, பூதம் தின்னும்!" என்று ஷிபு கத்தினான்.

"தின்னட்டும். டூட்டி முடிஞ்சு வர்றேன்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்த லீவில் முடித்துக்கொள்ளலாம் என்று தாளைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாய். அடுத்த லீவு வருவதற்குள் படிப்பு முடிந்தது. நீ வரைந்தவற்றைப் பார்த்து இந்த மாதிரி விளையாட்டுகள் தயாரிக்கிற கம்பெனி ஒன்று உன்னைப் பெங்களூருக்குக் கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நீ ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் கேட்பவர்களுக்கு "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம், வேறு காரணம் இல்லை.

நீ போன பிறகு மழைக்காலத்தில் ஒருநாள் தாளை எடுத்துப் பார்த்தேன். ஈரத்தில் நடு மடிப்பு தானாகவே வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. அப்பாவின் முறை இன்னும் பாக்கி இருக்கிறது, அவர் மடிப்பதற்கு முன்னாலேயே போய்விடுமே என்று எனக்குப் பதைத்தது. ஊட்டியில் நைந்த வரைபடங்களுக்குப் பின்னால் துணி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்து, சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அப்பாவின் பழைய வேட்டியில் நல்ல பாகத்தை வெட்டி எடுத்து அப்படியே ஒட்டினேன். ஒரு குமிழி இல்லை. காய்ந்ததும் பத்துத் தடவை மடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு நிறைவாக நான் ஒரு வேலையைச் செய்து வெகு நாளாகியிருந்தது.

பொங்கலுக்கு நீ வந்தாய். ஷிபுவும் நித்யாவும் வந்தார்கள். நீ தாளை விரித்தாய், புரட்டினாய், துணியைத் தடவினாய். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, நீ நிமிர்ந்து என்னைப் பார்ப்பாய், அன்று கோடு போட்டபோது பார்த்தது போலப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன்.

"அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"கிழியாதுடா இனிமே."

"கிழியணும்மா! கிழியறதுக்குத்தான் அது. கிழியாதுன்னா அப்புறம் எதுக்கு யோசிக்கணும்? யார் வேணா எங்க வேணா போலாம், வரலாம். விளையாட்டே போச்சு."

நித்யா "விடுடா, ஆண்ட்டி ஆசையா பண்ணிருக்காங்க" என்றாள். அப்பாவும் "உங்கம்மா நல்லதுக்குத்தான செஞ்சா" என்றார். அங்கேயே விட்டிருக்கலாம். "நீங்க ரெண்டு பேரும் எல்லாத்தையும் ஒட்டி ஒட்டித்தான் வைப்பீங்க" என்று நீ சொன்னாய். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. "ஆமா, ஒட்டித்தான் வச்சிருக்கோம். எங்கப்பா சிலோன்லேர்ந்து கப்பல்ல திரும்பி வந்தப்ப எஸ்டேட்டுல குடுத்த வீடு இது. அங்க இருந்ததும் சொந்தமில்ல, இதுவும் சொந்தமில்ல. யாராவது ஒருத்தன் பேரு ஆபீசுல இருக்கறதாலதான் ஒட்டிக்கிட்டு நிக்குது. என் காலு போயிருச்சு. ஒரு வருஷம், ஒரே வருஷம் உன் பேரைக் குடுத்துட்டுப் போயேன்."

"ஒரு வருஷம்னு உள்ள போனவங்க யாருப்பா வெளிய வந்திருக்காங்க? நீங்க வந்தீங்களா?"

ஷிபு தன் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் பந்தலூரில் உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தேன். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. முறுக்குப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்து, "காத்துப் போகாம டப்பால போட்டு வை" என்று மட்டும் சொன்னேன். பஸ் திரும்புகிற வரை நீயும் முறுக்குப் பையையேதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தம்பி, அப்பா சொன்னது நியாயம், நீ சொன்னதும் நியாயம். இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் பக்கம் சாய்ந்தாலும் உன் பக்கம் சாய்ந்தாலும் மடிகிற இடம் நான்தான். அதனால் இரண்டு பேரிடமும் தலையாட்டினேன். உன்னிடம் போனில் "நீ உன் வேலையைப் பாரு" என்றேன், அவரிடம் "எழுதுறேங்க" என்றேன். இதைப் புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதே. வகுப்பில் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் இருந்தவளின் பழக்கம் இது. உனக்கு நான் சொல்ல விரும்புகிற புத்தி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போது உனக்கு ஒன்று தோன்றினால் சொல்லிவிடு. குரல் நடுங்கினாலும் சொல்லிவிடு. தண்ணீர் இறக்கத்துக்குத்தான் வரும் என்று உன்னிடம் சொன்னபோது என் குரலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. மகனிடம் சொல்வதற்கே அப்படி.

இப்போது வீட்டில் பாதி சாமான் மூட்டையாகிவிட்டது. பந்தலூர் பஜாரில் ஒரு மாடி அறை பார்த்திருக்கிறேன். படி செங்குத்து, அப்பாவின் காலுக்குச் சரிப்படாது. கீழ்வீடு எதுவும் கிடைக்கவில்லை. உன் அறைக்கே எங்களைக் கூப்பிட்டாய். அங்கே நீங்கள் மூன்று பேர் பங்கு போட்டு இருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், கூப்பிடும்போது உனக்கும் தெரியும். அப்பா காலையில் ஃபேக்டரி சங்கு ஊதியதும் எழுந்து பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, பிறகு ஞாபகம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான் பார்க்காதது போல அடுப்பை ஊதுகிறேன். ஒருநாள் அவர் அந்த வரைபடத்தை விரித்து வைத்து, லயத்தின் மேல் ஒரு விரலும் கண்ணாடி நகரத்தின் மேல் ஒரு விரலும் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கலர் நல்லாத்தான் ஏறியிருக்கு" என்று சொல்லிச் சுருட்டி வைத்துவிட்டார். மடித்துப் பார்க்கவில்லை. துணி ஒட்டிய பிறகு அவருக்கும் அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. நீ அன்றைக்குக் கோபப்பட்டது என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மடிக்காமல் வைத்திருந்ததற்கு ஒரு அர்த்தம் இருந்தது. அதை நான் மாவு போட்டு ஒட்டிவிட்டேன்.

ஆக, அப்பா எழுதச் சொன்னது இது: "ஒரு வருஷம் பேர் கொடு." எழுதிவிட்டேன். எழுதினாயா என்று அவர் கேட்டால் எழுதினேன் என்று சொல்லலாம், பொய் இல்லை. இனி நான் சொல்வது: கொடுக்காதே. நீ பேர் கொடுத்தால் வீடு நிற்கும், நீ வரைய மாட்டாய். ஃபேக்டரியிலிருந்து வந்து கை கழுவிவிட்டுப் பென்சிலை எடுப்பேன் என்று முதல் வாரம் சொல்வாய். நானும் அப்படித்தான் தகரப் பெட்டியைப் பூட்டினேன். யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டினால் காட்டட்டும். அவர் கோபித்துக்கொள்வார், பேசாமல் இருப்பார், சாப்பிட வருவார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையில் எனக்கு எதுவுமே தெரியவில்லை தம்பி. எந்த அறை, எந்தப் படி, அடுத்த மழைக்கு எங்கே இருப்போம், ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. ஷிபுவையும் நித்யாவையும் கூப்பிட்டுக்கொள். அந்த வரைபடத்தைப் புதிதாக இன்னொரு தரம் போட்டு, டஸ்ட்டில் கெட்டியாக நனைத்து, நடு மடிப்பு ஒரே ஒரு தடவைதான் தாங்கும் என்கிற அளவுக்கு மடித்துத் தேய்த்து எடுத்து வா. பாயை மட்டும் மூட்டை கட்டாமல் வைத்திருக்கிறேன். விரித்து, அப்பா எதிரில் தாளை வை. வேறு எதுவும் பேச வேண்டாம், வீட்டைப் பற்றியும் வேண்டாம், பேர் கொடுப்பதைப் பற்றியும் வேண்டாம். "உங்க முறைப்பா" என்று மட்டும் சொல். அவர் மடிப்பாரா, இருக்கட்டும் என்பாரா, எனக்குத் தெரியாது. மடித்துக் கிழிந்தால் கிழியட்டும். நான் அடுப்படி வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன், மாவு காய்ச்ச மாட்டேன்.

அம்மா